அந்த 3 நாள் யாரிடம் இருக்கிறது?

அம்பத்தூர், சென்னை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. ஒரகடத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் சந்தோஷம். சேஃப்டி ஸ்டாக், அதாவது சரக்கு தாமதமானாலும் செலவு கூடினாலும் சமாளிக்க வைக்கும் கூடுதல் இருப்பு, எவ்வளவு வைப்பது என்று கேட்டிருந்தாய். சூத்திரம் உனக்கே தெரியும். அதில் போட வேண்டிய ஒரு எண்தான், சரக்கு வருவது எத்தனை நாள் முன்பின் ஆகும் என்பது, உன் கம்ப்யூட்டரில் முழுசாகக் கிடைக்காது. பாதி, பக்கத்து ஆலை ஸ்டோர்ஸ்காரர் வாயில் இருக்கும்.

கணக்கைப் பார். ஒரு பாகம் நாளைக்கு 100 செலவாகிறது, திட்ட விலக்கம் (அந்தச் செலவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் அளவு) 20, லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும் வரை) 9 நாள். 100 தடவையில் 95 தடவை சரக்கு தீராமல் இருக்க 1.65ஆல் பெருக்க வேண்டும்: 1.65 × 20 × √9 = 99. ஒரு நாள் சரக்கு, அவ்வளவுதான். அந்த 9 நாளே 3 நாள் முன்பின் ஆகுமென்றால்? √(9 × 20² + 100² × 3²) = 306; 1.65ஆல் பெருக்கினால் 505. ஐந்து நாள் சரக்கு! சப்ளையர் 9 என்று எழுதித் தருவாரே தவிர, அந்த 3ஐத் தரவே மாட்டார்.

முதலில் கடைசி 30 லோடுக்கு பி.ஓ. (ஆர்டர் போட்ட) தேதியிலிருந்து கேட் என்ட்ரி வரை எண்ணு. ஜி.ஆர்.என். (சரக்கைச் சரிபார்த்துப் பதியும் ரசீது) தேதி வேண்டாம், நம் இன்ஸ்பெக்‌ஷன் தாமதமும் அதில் ஒளிந்திருக்கும், அதைத் தனியாகப் பார். பிறகு அதே சப்ளையரிடம் வாங்குகிறவர்களைக் கேள். லாரி நிரம்பட்டும் என்று சரக்கை நிறுத்தி வைக்கிறாரா? ஆயுத பூஜை, பொங்கலுக்குப் போன டிரைவர் எத்தனை நாளில் திரும்புகிறார்? இறக்குமதி என்றால் கஸ்டம்ஸ் புரோக்கரிடம், கப்பல் வந்த நாளிலிருந்து கன்டெய்னர் கேட்டைத் தாண்டிய நாள் வரை கேள். சென்னைத் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் தனித்தனியாக. சராசரி கேட்டால் எல்லோரும் நல்ல பதிலாகச் சொல்வார்கள். "மிக மோசமாக எத்தனை நாள் ஆச்சு, ஏன்?" என்று கேள்.

விலையை மட்டும் கேட்காதே, சொல்லவும் செய்யாதே. சப்ளையரோடு போட்ட ஒப்பந்தத்தை நாம் மீறினதாகும், 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் குறுக்கே வரும்.

இன்னொன்று. "தட்டுப்பாடு வருதாம்" என்று ஒருவர் சொன்னதும் ஆர்டரை இரட்டிப்பாக்கிவிடாதே. நாலு ஆலையும் அதையே செய்தால் தட்டுப்பாடு நிஜமாகவே வரும். பயம் தெளிந்ததும் நாலு பேரும் கேன்சல் செய்வார்கள், சரக்கு சப்ளையர் தலையில். புல்விப் (சாட்டை வீச்சு மாதிரி, சின்ன அசைவு போகப் போகப் பெரிதாவது) என்று படித்தோமே, அதேதான். நிலுவை ஆர்டர் எவ்வளவு என்று சப்ளையரிடம் கேட்டுவிட்டு முடிவெடு.

அந்த 30 லோடின் நாள் கணக்கையும் எனக்கு அனுப்பு. மழைக்காலத்து லோடுகளைத் தனியாகக் குறித்து வை.

அன்புடன்,
ரவி