நீ அனுப்பிய சிவப்பு வானம்

முட்டம்
20.10.2024

அன்பு மக்ளே,

அமெரிக்காவில் நீ எடுத்து அனுப்பிய துருவ ஒளி (அரோரா) படத்தைப் பிரிண்ட் போட நேற்று நாகர்கோவில் போயிருந்தேன். லேப் பையன் நீட்டியதைப் பார்த்தால் வானம் மங்கின காவி நிறத்தில் கிடக்கிறது. "சிவப்பு ரொம்ப அடிச்சுது அண்ணாச்சி, மிஷினே சரி பண்ணிட்டு" என்றான். அந்தச் சிவப்புக்காகத்தானே தம்பி இந்த மழையில் பஸ் ஏறி வந்தேன் என்று சொல்லி, கரெக்‌ஷனை எடுத்துவிட்டு மறுபடி போட வைத்தேன். அப்புறம்தான் உன் வானம் வந்தது, செம்பருத்தியைக் கசக்கித் தேய்த்தது போல.

"கண்ணுக்கு லேசா சாம்பலாத்தான் தெரிஞ்சுது, போன் ஏமாத்துதுப்பா" என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன் சொல்கிறேன், அது ஏமாற்று இல்லை. இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, அதிலும் சிவப்புதான் முதலில் போகும். கேமராவோ சில விநாடி திறந்தபடி வருகிற வெளிச்சத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

துருவ ஒளி என்றால் பச்சைதானே, அது எங்கே போயிற்று என்று கேட்டிருந்தாய். தாத்தா கட்டுமரத்தில் ஆழிக்குப் போகும்போது முதலில் கரை மறையும், அப்புறம் தென்னை, அப்புறம் கோயில் கோபுரம். மலை உச்சி மட்டும் கடைசிவரை நிற்கும். அதை வைத்துத்தான் கணிச்சம், அதாவது கடலில் தான் நிற்கும் இடம், பார்ப்பார். ஆஸ்டின் பக்கத்தில் நின்று நீ பார்த்ததும் அந்த உச்சியைத்தான். பச்சை 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி எரிவது. உன் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டது. சிவப்பு 200 கிலோமீட்டருக்கும் மேலே. அங்கே மேலிருந்து வந்து விழும் துகளிடம் அடி வாங்கிய ஆக்சிஜன் அணு, அந்தச் சிவப்பு வெளிச்சத்தை வெளியே விடுவதற்குக் கிட்டத்தட்ட 2 நிமிடம் எடுக்கும். கீழே காற்று நெருக்கம், அதற்குள் வேறொன்று வந்து இடித்துவிடும், சிவப்பு வராது.

மே மாதச் சூரியப் புயலின்போது லடாக் ஹான்லேயில் வானாய்வகக் கேமராக்களிலும் இதே சிவப்பு விழுந்தது. வரைபடத்தில் ஹான்லே உன் ஊரைவிட வடக்கே. ஆனாலும் யோகம் உனக்குத்தான், ஏனென்றால் இந்த ஒளி பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றித்தான் வரும், அந்தத் துருவம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, இரு காந்தத் துருவங்களுக்கும் நடுவிலான காந்த நடுக்கோடு போவது நம் தென்கோடியை ஒட்டி. ராக்கெட் விடத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்ததே அதனால்தான். 1963 நவம்பர் 21 சாயங்காலம் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் சோடியம் ஆவியை விட்டு வானத்தில் ஆரஞ்சு பூசியதை, தாத்தா நம் முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறார். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் காதைத் தின்றார்.

சரி, வேலைக்கு வருகிறேன். உன் படத்தில் நட்சத்திரமெல்லாம் புழு மாதிரி நெளிந்திருக்கிறது. கையில் பிடித்து எடுத்தாய், இல்லையா? ஒரு ஸ்டாண்ட் வாங்கு. நல்ல கேமரா கிடைத்தால் அப்பர்ச்சர் 2.8, ஐஎஸ்ஓ 1600, 10 விநாடி என்று தொடங்கு. ஃபோக்கஸை ஒரு நட்சத்திரத்தில் கையால் வை. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே, லேப் பையன் செய்ததையே அதுவும் செய்யும். பட்டனை விரலால் அமுக்காமல் 2 விநாடி டைமர் போடு. சுசீந்திரம் தெப்பத்தை ஒரு வருஷம் லாங் எக்ஸ்போஷரில் எடுத்தேன், யாரோ ஸ்டாண்டில் கால் இடறி, விளக்கெல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்தது. அந்த நெகட்டிவ் இன்னும் டிராயரில் கிடக்கிறது.

வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, தேய்ந்து வருகிறது. அசல் ஃபைலை மெயிலில் போடு, பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்ட வேண்டும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொல்கிறாள். ஊருக்கு வெளியே அந்தக் கும்மிருட்டில் உனக்குத் துணைக்கு வந்தது யார்?

அப்பா