வெள்ளை யானை என்பது எது?

ஆசிரியர் அவர்கட்கு,

அண்மைக்காலமாகத் தங்கள் நாளிதழின் செய்திகளிலும் தலையங்கங்களிலும் ‘வெள்ளை யானை’ என்ற தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. பாதியில் நின்றுபோன பாலமும் மழையில் பெயர்ந்துபோன வீதியும்கூட இப்பெயரால் சுட்டப்படுவதால் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்திலிருந்து வந்த இத்தொடரின் வேர் சியாம் நாட்டில், அதாவது இன்றைய தாய்லாந்தில் உள்ளது. அங்கு வெள்ளை யானை அரசருக்கே உரிய புனித விலங்கு. 1916 வரை நாட்டின் கொடியிலேயே அது இருந்தது. மன்னர் தமது வெறுப்புக்கு ஆளான பிரபுவுக்கு அத்தகைய யானையொன்றைப் பரிசளிப்பாராம். அதை வேலைக்கு விடவோ, விற்கவோ, வேண்டாமென்று மறுக்கவோ இயலாத அந்தப் பிரபு, தீனி போட்டே சொத்தை இழப்பாராம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதையே என்றாலும், தொடரின் உயிர் அந்தத் தீனியில்தான் இருக்கிறது. பயனை மிஞ்சிய பராமரிப்புச் செலவும், எளிதில் கைவிட முடியாத நிலையும் சேர்ந்திருந்தால் மட்டுமே அது வெள்ளை யானை. 2013 இல் திறக்கப்பட்டு, போதிய விமானங்கள் வராத நிலையிலும் பராமரிக்கப்பட்டுவரும், இலங்கையின் தெற்கிலுள்ள மத்தளை விமான நிலையத்துக்கு அச்சொல் பொருந்தும். பாதியில் நின்ற பாலம் தீனி கேட்பதில்லை. அது வீண்செலவு, அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வழக்கில் வெள்ளை யானை என்றால் ஐராவதம். சுந்தரமூர்த்தி நாயனார் கயிலை சென்றதும் வெள்ளை யானைமீதுதான்; பெரியபுராணத்தின் நிறைவுப் பகுதிக்கே வெள்ளானைச் சருக்கம் என்று பெயர். சைவசமய பாடத்தில் அதைப் படித்த மாணவியொருத்தி, பத்திரிகைத் தலைப்பைக் காட்டி, “டீச்சர், சுந்தரர் ஏறிப்போன யானையை ஏன் கூடாததென்று எழுதியிருக்கிறார்கள்?” என்று கேட்டபோது, அவளுக்கு சியாம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

பொருளாதாரச் செய்திகளில் இத்தொடர் வேரூன்றிவிட்டதால் அதை விலக்குமாறு நான் கேட்கவில்லை. உரிய இடத்தில் மட்டும் ஆளுங்கள். ஏனைய இடங்களில் ‘பயனற்ற திட்டம்’ என்றோ ‘வீண்செலவு’ என்றோ நேராக எழுதலாம். செலவின் பாரத்தையே சொல்ல வேண்டுமென்றால், ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ என்று நம் வீடுகளில் இன்றும் பேசப்படும் வழக்கு இருக்கிறது. அதைத் தங்கள் தலைப்புகளில் காண விரும்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.