கிளைப் பாதையின் கணக்கு

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய விண்ணப்ப வரைவு கிடைத்தது. மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் பாதையை மீண்டும் போட வேண்டும் என்று கேட்கப் போகிறீர்கள். நல்லது. ஆனால் வரைவின் கடைசியில், எனக்கு மட்டும் என்று பென்சிலில் கிறுக்கியிருந்தாயே ஒரு கேள்வி, ‘நட்டத்தில் ஓடியதால்தானே மூடினார்கள், அதைத் திறக்கச் சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது அப்பா?’ என்று, முழு வரைவையும் விட அதுதான் எனக்குப் பிடித்தது. தணிக்கையாளர் வேலை பார்க்கிற பெண் அப்படித்தான் கேட்க வேண்டும்.

முதலில் வரைவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரி மணம், விசில் ஓசை, ஜன்னலோரப் பனைமரங்கள் என்று முதல் இரண்டு பக்கத்தை நிரப்பியிருக்கிறீர்கள். எடுத்துவிடு. 1986-இல் அந்த வண்டி நின்றபோது நீ பிறக்கவே இல்லை. பார்க்காத ரயிலுக்காக நீ உருகுவதைப் படிக்கிற அதிகாரிக்குச் சிரிப்பு வரும். பார்த்த எனக்கே வருகிறது.

இனி கணக்கு. நட்டம் என்றார்கள், சரி. எந்த ஏட்டில் எழுதிய நட்டம்?

பொறையாரில் ஏறுகிற ஒரு குடும்பம் சென்னைக்குப் போகிறது என்று வை. மாயவரம் (மயிலாடுதுறையின் பழைய பெயர்) சந்திப்பு வரை கிளைப் பாதை, அதிகமாகப் போனால் 30 கிலோமீட்டர். அங்கிருந்து எழும்பூர் வரை மெயின் லைன், ஏறத்தாழ 280 கிலோமீட்டர். டிக்கெட் பணத்தைத் தூரத்தின்படி பிரித்தால் கிளைக்கு வருவது பத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் மெயின் லைனின் வருமானம். அந்தக் குடும்பத்தை மெயின் லைனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது எது என்று ஏட்டில் எங்கும் இருக்காது. கிளைப் பாதையைத் தனியாக நிறுத்திவைத்து ‘நீ எவ்வளவு சம்பாதித்தாய்?’ என்று கேட்டால் அது தலைகுனிந்துதான் நிற்கும். வரத்து வாய்க்காலைத் தூர்த்துவிட்டு ஏரியில் தண்ணீர் ஏன் குறைந்தது என்று பிறகு கேட்பதில் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு, இதை நீ எந்தக் குழு அறிக்கையிலும் படித்திருக்க மாட்டாய். அப்போது டிக்கெட் என்றால் கட்டைவிரல் நீளத்துக்குக் கெட்டியான சிறு அட்டை. போகும் ஊரின் பெயர் முன்பே அச்சாகியிருக்கும். நிலைய அதிகாரி மர அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, தேதி குத்தும் இரும்புக் கருவியின் வாயில் ஒரு முனையைச் செருகுவார், ‘டக்’ என்று சத்தம் கேட்கும், திருப்பி மறு முனையையும் செருகுவார். சின்ன நிலையத்து அடுக்கில் பக்கத்து ஊர்களுக்கும் சில பெரிய ஊர்களுக்கும்தான் அட்டை இருக்கும். தூரத்து ஊர் கேட்டால் வெற்றுத் தாள் டிக்கெட்டை எடுத்து, கட்டண அட்டவணையைப் புரட்டி, கார்பன் வைத்துக் கையால் எழுத வேண்டும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதனால் பாதிப் பேர் ‘மாயவரத்துக்கே கொடுங்கள், அங்கே பார்த்துக்கொள்கிறோம்’ என்று வாங்கிக்கொண்டு, சந்திப்பில் இறங்கி அடுத்த டிக்கெட்டை எடுப்பார்கள். பொறையார்ப் பயணியின் பணம் மாயவரம் நிலையத்தின் வசூலாகப் பதிவாகும். உன்னைப் போன்ற ஒருத்தி அந்த ஏடுகளைப் பார்த்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள்.

இப்படிப் பார்த்தது நம் பாதையை மட்டும் அல்ல. வருவாய் தராத கிளைப் பாதைகளை ஆராய என்றே 1969-இல் ஒரு குழு இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ரயில்வே சீர்திருத்தக் குழுவும் அதே பாட்டைப் பாடியது. அதற்கு முன்பே, 1963-இல், பிரிட்டனில் பீச்சிங் என்பவர் அறிக்கை கொடுத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னார். கிளையை மூடினாலும் மக்கள் காரில் பக்கத்துப் பெரிய நிலையத்துக்கு வந்து ரயில் ஏறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். காரில் ஏறியவர்களில் பலர் ஊர் போய்ச் சேரும் வரை இறங்கவே இல்லை. மெயின் லைன் கூட்டமும் போயிற்று.

பஸ்ஸைக் குறை சொல்லி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதையும் அடித்துவிடு. பஸ் நல்ல காரியம். அது கடைத்தெருவில் நின்றது, அடிக்கடி வந்தது. 1972-இல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகு, கிராமத்துப் பெண்கள் தனியாக டவுனுக்குப் போய்வருவது சாதாரணமாயிற்று. ஒரு நாளைக்குச் சில முறை மட்டும் வருகிற ரயில் அதோடு போட்டி போட முடியாதுதான். கிளைப் பாதைகள் சாகும் விதம் எங்கும் ஒன்றே: ஒரு வண்டியைக் குறைப்பார்கள், கூட்டம் குறையும். கூட்டம் குறைந்துவிட்டதே என்று அடுத்த வண்டியைக் குறைப்பார்கள். மெயின் லைன் வண்டிக்கும் கிளை வண்டிக்கும் நேரம் பொருந்தாமல் போனால் கதை முடிந்தது.

ஆனால் பஸ் ஏற்றாத ஒன்று இருந்தது. தரங்கம்பாடியில் புறப்படும் காலை வண்டியின் கடைசிப் பெட்டியில் மீன்காரப் பெண்கள் ஏறுவார்கள். கூடைக்கு அடியில் பனையோலைத் தடுக்கு, மேலே ஈரச் சாக்கு. வண்டி நகர்ந்ததும் கூடைகளிலிருந்து நீர் கசிந்து, பலகை இடுக்குகள் வழியாக வாசல் பக்கம் ஓடும். வளைவில் வண்டி சாய்ந்தால் ஓட்டம் திசைமாறி எங்கள் செருப்பை நனைக்கும். மன்னம்பந்தல் கல்லூரிக்குப் போகிற நாங்கள் சீசன் டிக்கெட்காரர்கள், கால்சட்டையை மடித்துக்கொண்டு திட்டுவோம். அவர்கள் பதிலுக்குத் திட்டுவது இன்னும் அழகாக இருக்கும். வெள்ளிக்கிழமை ஆக்கூரில் மீன் போகாது, செம்பனார்கோயிலில் கல்யாணம் இருந்தால் கருவாடுகூடப் போகாது என்று எந்த நிலையத்தில் யார் இறங்க வேண்டும் என்பதை வண்டிக்குள்ளேயே பங்கு போட்டுக்கொள்வார்கள். பெரிய சந்தையே அந்தப் பெட்டியில் நடந்தது.

ரயில் நின்றதும் இவர்கள் பஸ்ஸில் கூடையோடு ஏற முடியவில்லை. நடத்துனர் ஏற்ற மாட்டார், ஏற்றினாலும் பயணிகள் விட மாட்டார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து வேன் பிடித்தார்கள். வாடகைக்குக் கட்டுப்படியானவர்கள் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் கரையிலேயே வியாபாரியிடம் கொடுத்துவிட்டு அவன் சொன்ன விலையை வாங்கிக்கொண்டார்கள். அந்த விலை வித்தியாசம் எவ்வளவு, அது யாருடைய நட்டம் என்று எந்தக் குழுவும் கேட்கவில்லை. உங்கள் விண்ணப்பத்தில் மீன்காரர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் கவனித்தேன்.

தரங்கம்பாடிக்கு இதில் ஒரு பழைய கசப்பு உண்டு. 1620-இல் டேனியர் கோட்டை கட்டிய துறைமுகம் அது. 1845-இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. தரங்கம்பாடிக்கு ரயில் வர 1926 ஆயிற்று. அறுபத்தைந்து ஆண்டு காத்திருந்த ஊருக்கு அறுபது ஆண்டு ஓடிய ரயில்.

ரயிலை யாரோ தானமாகக் கொடுத்தார்கள் என்ற தொனியும் வரைவில் வேண்டாம். 1894-இல் மாயவரம் – முத்துப்பேட்டைப் பாதையைப் போட்டது தஞ்சை ஜில்லா போர்டு. குடியானவர்களிடம் ரயில் வரி என்று தனியாக வசூலித்துச் சேர்த்த பணம் அது. இந்தப் பகுதி மக்கள் ரயிலுக்குக் காசு கொடுத்தவர்கள்.

நீ கேட்ட நியாயத்துக்கு வருகிறேன். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி பாதையில் 2023-இல் மீண்டும் ரயில் ஓடியது. அதே ஆண்டு போடிக்கும் வந்தது. இரண்டும் அகலப்பாதை ஆக்குவதற்காக என்று சொல்லி மூடப்பட்டவை. கோப்பில் அவை உயிரோடு இருந்தன, வேலை தாமதம் என்றுதான் பொருள். நம்முடையது அதற்கு முன்பே, நட்டம் என்று எழுதி மூடப்பட்டது. அந்த ஒரு சொல்லால்தான் வரிசையிலேயே நம் பெயர் இல்லை. ஆனால் எண்பதுகளில் மூடிய பேரளம் – காரைக்கால் பாதையில் இப்போது அகலத் தண்டவாளம் போட்டாயிற்று. அங்கே துறைமுகமும் நிலக்கரியும் இருக்கின்றன. ஆகவே செத்த பாதை எழாது என்று விதி ஒன்றும் இல்லை, எழுப்பச் சரக்கு வேண்டும்.

நம்மிடம் என்ன இருக்கிறது? திருக்கடையூர் இருக்கிறது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வேனிலும் காரிலும் வருகிறார்கள். 1986-இல் கணக்குப் பார்த்தவர்கள் முன் இந்தக் கூட்டம் இல்லை. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது, பொறையார்க்காரருக்கு ஆட்சியர் அலுவலக வேலை எல்லாம் இப்போது அங்கேதான். இவற்றை எண்ணிக்கையோடு எழுதுங்கள். உன் தோழர்கள் ஒரு முகூர்த்த நாளில் திருக்கடையூரில் நின்று வருகிற வண்டிகளையும் அவற்றின் ஊர்களையும் குறித்து வரட்டும். அது விசில் ஓசையைவிடக் காதில் விழும்.

எதிர்வாதத்தையும் மறைக்காதே. பழைய தண்டவாள மேட்டின் மேல் பல இடங்களில் வீடு வந்துவிட்டது. அகலப்பாதையில் இன்று ஆளில்லாக் கடவுப்பாதை வைக்க முடியாது, சாலை குறுக்கிடும் இடத்தில் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ காவலாளோ வேண்டும். செலவு பெரிது. பாதை வந்தாலும் லாபத்தில் ஓடும் என்று நான் நம்பவில்லை, நீயும் எழுதாதே. நெடுஞ்சாலையிடம் யாரும் லாபம் கேட்பதில்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்.

தணிக்கை வேலை முடிந்ததும் திருத்திய வரைவை அனுப்பு. கைபேசியில் அனுப்பாதே, எழுத்துப் பொடியாக இருக்கிறது. அச்சடித்துத் தபாலில் போடு, ஓரத்தில் இடம் விட்டு. உன் அம்மாவும் இரண்டு இடத்தில் திருத்தம் வைத்திருக்கிறாள், அவள் கையெழுத்துக்கு இடம் வேண்டும்.

அன்புடன்,
அப்பா