கையுறை கேட்டு நகராட்சி ஆணையாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் நாங்கள் கொடுத்த மனுவுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்து சேர்ந்தது. பூங்காப் பணியாளர்கள் அனைவருக்கும் கையுறை ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதாகவும், ஆகவே மனு முடித்துவைக்கப்படுவதாகவும் அதில் இரண்டு வரிகள் இருந்தன. முடித்துவைத்த கோப்பை மறுபடி திறக்க வேறு வழி தெரியாததால், ஊரார் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். ஆய்வுக்கு மேலதிகாரி வருகிறார் என்று இரண்டே நாளில் பூங்காவைச் சீர்செய்யச் சொன்னதும், அதற்கு அடுத்த வாரம் ஐந்து பெண்கள் கைவீங்கி வீட்டில் கிடந்ததும் தாங்கள் அறிந்தவை. மனுவில் தேதிவாரியாக எழுதியிருக்கிறோம். வழங்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கையுறையைப் பற்றியும், அதற்குள் இருந்த ஒரு கையைப் பற்றியும் மட்டுமே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கையுறை கொடுத்தது உண்மைதான். பனியன் துணியில் பின்னிய வெள்ளைக் கையுறை, ஆளுக்கு ஒரு ஜோடி. பூங்காவின் கிழக்கு வேலி முழுவதும் கொம்புக்கள்ளி என்பது தங்களுக்குத் தெரியும். அதன் ஒரு கிளையை நறுக்கினால் பால் சொட்டாது, பீறிடும். அந்தப் பால் சிலருக்கு மட்டும் ஒவ்வாமல் போவதன்று. பட்டவர் யாராக இருந்தாலும் தோலை எரித்துக் கொப்புளம் ஆக்கும், கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கும். வெறும் கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். துணிக் கையுறையோ பாலைக் குடித்து வைத்துக்கொண்டு, காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரை அதைத் தோலோடு ஒட்டியே வைத்திருக்கும். இதைச் சொன்னபோது மாற்றாகக் கொடுக்கப்பட்டவை கண்ணாடிபோல் மெல்லிய பிளாஸ்டிக் உறைகள். புரோட்டாக் கடையில் பார்சல் கட்டுகிறவர்களுக்கு அவை மிகவும் பொருத்தமானவை. நடைபாதை ஓரத்து யூபோர்பியா என்ற முட்செடியின் முதல் முள்ளுக்கே அவை கிழிந்துபோயின.

என் மதினி அந்த ஐவரில் ஒருவர். முதல் நாள் சுற்றுச்சுவரின் பின்பக்கம் இடுப்பளவு வளர்ந்து பூத்திருந்த பார்த்தீனியம் என்ற களைச்செடியைக் கையால் பிடுங்கினார். மறுநாள் கள்ளி வேலியை வெட்டினார். கள்ளிப் பால் அன்றைக்கே விரல்களை எரித்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் காலையில்தான் இமைகள் தடித்து, காதின் பின்புறமும் கழுத்து மடிப்பும் முழங்கையின் உட்புறமும் சிவந்து, இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கும்படி அரிப்பு தொடங்கியது. மேற்பார்வையாளரிடம் காட்டியபோது, “செடி பிடுங்கின அன்னைக்கு நல்லாத்தானே இருந்தே, வீட்டுல என்னத்தைத் தொட்டியோ” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் மருத்துவத்தில் இருக்கிறது. பார்த்தீனியத்தின் இலையிலும் தண்டிலும் உள்ள நுண்மயிர்களில் பார்த்தினின் என்ற பொருள் இருக்கிறது. உடல் அதை ஒருமுறை பகையாகக் கண்டுகொண்டுவிட்டால், பிறகு தொடும்போதெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே தோல் வெடிக்கும். தாமதமாக வருவதுதான் அந்த ஒவ்வாமையின் இயல்பு. காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து படிவதால், கை படாத இமையும் கழுத்தும்கூட வீங்குகின்றன. 1950களில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட களை இது. 1970களிலேயே அங்கே பலரைத் தோல் மருத்துவரிடம் அனுப்பியது. இந்தியத் தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையின் வழக்கமான தொகுப்பிலேயே பார்த்தீனியமும் ஒன்றாக இருக்கிறது. மதினிக்கும் அந்தச் சோதனையைச் செய்தார்கள். இரண்டு நாள் முதுகை நனைக்காமல் இருந்து திரும்பிப் போனபோது, அந்த ஒரு பொட்டு மட்டும் சிவந்து தடித்திருந்தது. அறிக்கையின் நகலை மனுவோடு இணைத்திருக்கிறோம். மனுவை முடித்துவைத்தவர் அதைப் புரட்டிப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

எரிச்சலையும் அரிப்பையும் விடப் பெரிய சங்கடம் அதற்குப் பிறகு வந்தது. ஆறு வாரமாகியும் மதினியின் விரல் நுனிகள் வெடித்துத் தோல் உரிந்துகொண்டே இருக்கின்றன. ரேகை இருந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போனவரை வருகைப் பதிவுக் கருவி ஏற்கவில்லை. வலக்கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், பிறகு இடக்கை என்று ஒவ்வொன்றாக வைத்து, சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி வைத்து, வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகு ஓரமாக ஒதுங்கி நின்றார். வேலையை முழுவதுமாகச் செய்தார். பதிவேட்டில் அன்றைக்கு வரவில்லை. அப்படிப் பதினொரு நாள்; பதினொரு நாள் கூலி பிடிக்கப்பட்டிருக்கிறது. ரேஷன் கடையில் இதே விரல் விழவில்லை என்றால், அட்டையில் பெயருள்ள அண்ணன் போய் விரல் வைத்து அரிசி வாங்கி வந்துவிடுகிறார். பூங்காவில் அவருக்குப் பதிலாக யார் விரல் வைப்பது? நகராட்சியின் வேலை அழித்த ரேகையை நகராட்சியின் கருவியே கேட்கிறது, இல்லை என்றால் கூலி இல்லை என்கிறது. இதை ஒரு முறைக்கு இருமுறை படித்துப் பார்க்குமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பூங்காக் கூலியை மட்டும் நம்பி எங்கள் தெருவில் யாரும் இல்லை. பதினொரு மணிக்கு வீடு திரும்பி, கஞ்சி குடித்துவிட்டு, முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தால்தான் மாதம் ஓடும். இலையை வெட்டித் தூள் வைத்து உருட்டி, முனையை நகத்தால் மடக்க வேண்டும். அந்த மடக்கும் விரல் நுனிகளில்தான் மதினிக்கு இப்போது வெடிப்பு. வெடிப்பில் புகையிலைத் தூள் ஏறினால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறார். இந்தக் கொடைக்கு அம்மனுக்குப் பூக்கட்டவும் அவர் உட்காரவில்லை. செவ்வந்தியும் பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றும், ஒன்று ஒவ்வாமல் போனவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போகக்கூடும் என்றும் மருத்துவர் எச்சரித்திருக்கிறார். இருபது வருடமாகக் கட்டிய கை.

தொழிலால் வரும் தோல் நோய் இழப்பீட்டுக்கு உரியது என்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வாதம் அன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தோல் நோய்களுக்கு இடம் இருந்தது. ஆனால் நாங்கள் இழப்பீடு கேட்டு இதை எழுதவில்லை. கையுறை கேட்டு எழுதுகிறோம்.

கையுறைக்குப் பணம் இல்லை என்று ஒப்பந்ததாரர் தரப்பில் சொல்லப்பட்டதாகக் கேள்வி. பூங்கா வாசலில் ‘ஐ லவ்’ என்று தொடங்கி ஊர்ப்பெயரோடு முடியும் ஆங்கில எழுத்துகள் இரவெல்லாம் ஒளிர்கின்றன; அந்த அன்புக்குப் பணம் இருந்திருக்கிறது. குழந்தைகள் ஓடியாடும் இடத்திற்குக் கொம்புக்கள்ளியை வேலியாகத் தேர்ந்தெடுத்தவர் யார், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு கடிக்காது என்ற இரண்டு கணக்கோடு அவர் நிறுத்திக்கொண்டாரா, வெட்டுகிறவர் என்று ஒரு மனிதப் பிறவி இருக்கும் என்று நினைத்தாரா என்று கேட்கலாம். தங்கள் அறை வாசலில் அழகுக்காக வைத்திருக்கும், இலையில் வெள்ளைப் புள்ளி தெளித்த டைபன்பாக்கியாவைத் தினமும் துடைக்கும் உதவியாளருக்கு, அதன் சாற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதையும், அவை வாயில் பட்டால் நாக்கு வீங்கிப் பேச்சே எழாது என்பதையும் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றும் கேட்கலாம். பேச்சு எழாத செடியை அலுவலக வாசலில் வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னார். மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கையுறைக்கு வருகிறேன்.

நாங்கள் கேட்கும் கையுறை முழங்கை வரை நீளமாக, பால் ஊறாத நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூச்சு விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு தாண்டி எல்லாப் பக்கமும் படிந்ததாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் மட்டும் பூசிப் புறங்கையைத் துணியாக விட்டவை கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும். தயவுசெய்து அவற்றை வாங்கிக் கணக்கு எழுதிவிட வேண்டாம். கள்ளி வெட்டும் நாளில் கண்ணுக்குக் கண்ணாடியும், பார்த்தீனியம் பிடுங்கும் நாளில் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் தேவை. கழிப்பறைப் பக்கத்துக் குழாய் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் சாவி காலை ஆறு மணிக்கே பணியாளர் கையில் இருக்க வேண்டும், ஒரு சோப்போடு. கைகள் ஆறும் வரை ரேகைக்குப் பதிலாகப் பதிவேட்டில் கையெழுத்து ஏற்கப்பட்டு, பிடித்த பதினொரு நாள் கூலி திருப்பித் தரப்பட வேண்டும். இவற்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று தாங்கள் சொன்னால், முதலில் கையுறையைக் கொடுங்கள் என்றுதான் சொல்லுவோம்.

ஐப்பசி மழை விழுந்ததும் சுவரின் பின்பக்கம் பார்த்தீனியம் மறுபடி முளைக்கும். அது பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்கினால் வேலையும் பாதி, விதையும் விழாது. அந்த வேலையைச் செய்ய எங்கள் பெண்கள் மறுக்கவில்லை. கார்த்திகையில் கள்ளி வேலியை வெட்டவும் வருவார்கள். அதற்கு முன் கையுறை வந்து சேர வேண்டும் என்று மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். சென்ற முறை வந்தவை ஆண்களின் அளவில் இருந்து, விரல் நுனியில் தொங்கிக் கத்தரிக்கோலில் மாட்டியதால், இம்முறை பன்னிரண்டு பெண்களின் கை அளவையும் வெள்ளைத்தாளில் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறோம். மதினியின் கை இப்போது சற்று வீங்கியிருக்கிறது. அவருக்கு மட்டும் ஓர் அளவு குறைத்து வாங்கவும்.

இப்படிக்கு,
பூங்காப் பணியாளர் குடும்பங்களில் ஒருவன்