பூஞ்சை பிடித்த இசைத்தட்டைத் துடைக்குமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்கு வீட்டை ஒதுக்கும்போது நம் சிங்கப்பூரில் பல வீடுகளில் தாத்தா காலத்து இசைத்தட்டுகள் வெளியே வரும். மேலே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கெட்டுவிட்டது என்று பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போடுகிறார்கள். இல்லையென்றால் கிருமிநாசினி ஸ்ப்ரே அடித்துத் துடைக்கிறார்கள். இதில் இரண்டாவதுதான் மோசம்.

முதலில் லேபிளைப் பாருங்கள். 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று போட்டு, தட்டும் வளையாமல் கனமாக இருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் (ஷெல்லாக்) தட்டு. ஸ்ப்ரேயில் உள்ள ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். பாட்டு பதிந்த வரிப்பள்ளம் மங்கிப் பாட்டெல்லாம் இரைச்சலாகும். இந்தியாவில் 1960களிலும் 78 தட்டுகள் வந்தன, எனவே பாட்டு இடம்பெற்ற படம் வந்த ஆண்டை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

33, 45 சுற்று வினைல் தட்டுகளுக்கு 800 மில்லி காய்ச்சி வடித்த நீர், 200 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. நுரை பொங்கினால் அளவு கூடிவிட்டது. லேபிள் நனையாமல், மைக்ரோஃபைபர் துணியால் வரியை ஒட்டி வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் மணல்துகள் வரிகளைக் கீறிவிடும். பிறகு வெறும் வடித்த நீரால் ஒருமுறை அலசுங்கள். நம் குழாய்த் தண்ணீர் குடிக்க அருமையானது, ஆனால் காய்ந்ததும் அதன் உப்பு வரிக்குள் தங்கி டிக் டிக்கென்று கேட்கும். அரக்குத் தட்டுக்கு இதே கலவை, ஆல்கஹால் இல்லாமல். ஊறவிடாமல் உடனே ஒற்றி எடுக்க வேண்டும்.

தட்டுகளை நிறுத்தி வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வினைல் நெளியும். பழைய காகித உறையைத் தூக்கிப் போடுங்கள்; பூஞ்சை வித்துகள் அதில்தான் குடியிருக்கின்றன. துடைக்கும்போது முகக்கவசம் அவசியம்.

இசைத்தட்டுக் கருவியின் ஊசியைப் பலர் விரலால் தடவிப் பார்க்கிறார்கள், ஒலிபெருக்கி உறுமும் அளவுக்கு! சின்னத் தூரிகையால் பின்னிருந்து முன்னுக்கு மட்டும் இழுங்கள். பக்கவாட்டில் போனால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும். திரவத்தைத் தாராளமாக ஊற்றினால் அது தண்டு வழியே ஏறி, ஊசியின் வைர முனையைப் பிடித்திருக்கும் பசையைத் தளர்த்தக்கூடும். மெலமின் பஞ்சில் ஊசியை மெல்ல இறக்கித் தூக்கினாலே அழுக்கு வந்துவிடும். வைர ஊசியும் 500 முதல் 1,000 மணி நேரத்தில் தேயும். தேய்ந்த ஊசி தட்டையே செதுக்கும். 78 தட்டுக்குத் தனி ஊசி வேண்டும்: அதன் முனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), எல்பி (33 சுற்று வினைல்) ஊசியுடையது சுமார் 18 மட்டுமே. எல்பி ஊசி அகன்ற வரியின் அடியில் இறங்கி அழுக்கைத்தான் உரசும்.

வீட்டிலுள்ள பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில்) மட்டும் அடுக்காதீர்கள். காற்றோட்டமில்லாத அந்த அறையில், நம் ஊர் ஈரப்பதத்தில், பூஞ்சை மறுபடியும் பிடிக்கும். கேமரா வைக்கும் ஈரநீக்கப் பெட்டி இருந்தால் 45-50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்து, தட்டுகளைச் சாயாமல் நிமிர்த்தி அடுக்குங்கள்.

இப்படிக்கு,
இசைத்தட்டு ஆர்வலர்,
ஈசூன்