வெண்புலி தனி இனமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "பனிப்பிரதேசத்தில் தோன்றிய அரிய இனமான வெள்ளைப்புலி அழிவின் விளிம்பில் உள்ளது" என்று தங்கள் ஞாயிறு மலரின் சிறுவர் பக்கம் சென்ற வாரம் அறிவித்திருந்தது. ஒரே வாக்கியத்தில் இத்தனை பிழைகளை அடக்குவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

வெண்புலி தனி இனமன்று. நம் காடுகளில் உலவும் அதே வங்கப்புலிதான். 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா காட்டில் பிடிபட்டு, மகாராஜா மார்த்தாண்ட சிங்கின் அரண்மனையில் வளர்ந்த 'மோகன்' என்ற வெள்ளைக்குட்டியை, பின்னாளில் அதன் மகளோடே இணைசேர்த்து 1958இல் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றார்கள் என்பதும், இன்று உயிரியல் பூங்காக்களில் கூட்டம் சேர்க்கும் வெண்புலிகளில் பெரும்பாலானவை அந்த வழிவந்தவை என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றம் மஞ்சள் நிறமியைத் தடுக்கிறது, கருநிறமியை அவ்வளவாகத் தொடுவதில்லை, ஆகவே வரிகள் எஞ்சுகின்றன என்று 2013இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பனிக்கு இதில் வேலையே இல்லை. மெய்யாகவே பனியில் வாழும் சைபீரியப் புலி செம்மஞ்சளாகத்தான் திரிகிறது.

அந்தச் செம்மஞ்சளும் வீண் அலங்காரம் அன்று. மானின் கண்ணால் அதைப் பச்சையிலிருந்து பிரித்தறிய முடியாது. வரிகளோ உடலின் விளிம்பைப் புல்லின் நிழலில் கலைத்துவிடும். வேங்கைப்பூ உதிர்ந்து கிடந்த கரும்பாறையைப் புலிக்குட்டியாகக் கண்ட சங்கப் புலவருக்கு இருந்த கண், வண்ணப் படங்கள் குவிந்திருக்கும் அலுவலகத்தில் அமர்ந்து எழுதுபவருக்கு இல்லாமற்போனது வியப்பே.

பணிக்காலம் முழுவதும் விலங்கியல் கற்பித்தவன் என்பதால் இதைச் சும்மா விட இயலவில்லை. மாணவர்களை ஓர் உயிரியல் பூங்காவிற்கு அழைத்துச் சென்றிருந்தபோது, அங்கிருந்த வெண்புலிக்கு மாறுகண் இருந்தது. வெட்கப்படுகிறது என்று வழிகாட்டி சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். வெள்ளை நிறத்தைத் தரும் அதே மரபணு மாற்றம் பார்வை நரம்புகளின் வழியையும் பிறழச் செய்கிறது என்று அங்கேயே விளக்கினேன். அதே வகுப்பில் படித்த ஒருவர் இன்று தம் மகளுக்குத் தங்கள் மலரைக் காட்டி, "ஐயா, நீங்கள் சொன்னது தவறா?" என்று தொலைபேசியில் கேட்கிறார். அச்சில் வந்ததற்கு இருக்கும் மதிப்பு வாத்தியாருக்கு இருப்பதில்லை.

சென்ற ஆண்டு சூலை 29, உலகப் புலிகள் நாளன்று, உடலெங்கும் புள்ளி வளையங்களோடு மரக்கிளையில் படுத்திருந்த சிறுத்தையின் படத்திற்குக் கீழே 'நமது தேசிய விலங்கு' என்று அச்சிட்டீர்கள். உடனே கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. மலரின் வண்ண அச்சைப் பாராட்டிய வேறொருவரின் கடிதம் வெளிவந்தது. பிறகு, புலிகளை இன்றும் கால்தடம் பார்த்தே எண்ணுகிறார்கள் என்று ஒரு கட்டுரை. 1990களிலேயே காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தி, வரிகளைக் கொண்டு புலிகளை இனங்காணத் தொடங்கிவிட்டார். 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிற்குக் கிடைத்த 306 என்ற எண்ணும் அப்படிப்பட்ட படங்களின் துணையால் வந்ததே. முதுமலைப் பகுதியில் தன்னார்வலனாக அத்தகைய படங்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒத்திருப்பதில்லை. அதனால்தான் பாதையின் இருபுறமும் கேமரா வைக்கிறார்கள்.

வெண்புலியை அரிய இனம் என்று எழுதும்போதெல்லாம், நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்துக் குட்டிகளை உருவாக்கும் வேடிக்கைக்கு 'பாதுகாப்பு' என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கமே 2011இல் தன் உறுப்பினர்களுக்கு இந்த இனப்பெருக்கத்தைத் தடைசெய்துவிட்டது.

அடுத்த வாரச் சிறுவர் பக்கத்தில், குறுக்கெழுத்து விடைகளுக்கு அருகிலாவது, நான்கு வரியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமில்லையெனில் இரண்டு வரி போதும். படம் சேர்ப்பதானால், அச்சேறுமுன் அதில் இருப்பது புலிதானா என்று யாரையேனும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.