சிட்னிக்குக் குடிபோன மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போனில் கதைத்தால் வேலை அவசரத்தில் பாதிதான் உன் காதில் விழும். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். உன் எலக்ட்ரீஷியன் லைசென்ஸை விக்டோரியாவிலிருந்து நியூ சவுத் வேல்ஸுக்கு மாற்றுகிற விஷயத்தைத் தள்ளிப்போடாதே பிள்ளை. அங்கே ஒரு சுவிட்சைக் கழற்றுமுன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடு.

வயரிங் ரூல்ஸ் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே என்று கேட்டாய். ஒன்றுதான். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பொதுவான அதே ஏஎஸ்/என்இசட்எஸ் 3000 தரவிதிதான். வீட்டு சர்க்கிட்டுக்கு மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லியம்பியர் ஆர்சிடி இங்கேயும் வேண்டும், அங்கேயும் வேண்டும். ஆனால் லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநிலம். இங்கே லைசென்ஸ் கொடுக்கிற எனர்ஜி சேஃப் விக்டோரியா உனக்குத் தந்த ஏ கிரேட் லைசென்ஸ், எல்லையாக ஓடும் மரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியேறிவிட்ட உனக்கு அப்படியே செல்லாது.

ஒரு மாநில லைசென்ஸோடு, புதிதாக விண்ணப்பிக்காமலே மற்ற மாநிலத்திலும் வேலை செய்யலாம் என்று கூட வேலை செய்யும் பெடியன் சொன்ன ஏற்பாடும் உண்மைதான். 2021 ஜூலையில் அது தொடங்கியது. ஆனால் அது வொடொங்காவில் வீட்டை வைத்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டி அல்பரிக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களைப் போன்ற ஆட்களுக்கு. நீ வென்ட்வர்த்வில்லில் வீடு எடுத்துவிட்டாய், வேலையும் அங்கேதான். உனக்குப் பொருந்துவது 1992ஆம் ஆண்டுப் பரஸ்பர அங்கீகாரச் சட்டம்.

அது நல்ல சட்டம். யாழ்ப்பாணத்தில் படித்த தொழிலோடு நான் இந்த நாட்டுக்கு வந்தபோது, முதலில் திறமையை மதிப்பிட்டார்கள், பிறகு இந்த நாட்டு முறைகளைப் படிக்கச் சொன்னார்கள், அப்புறம் இன்னொருவரின் மேற்பார்வையில் வேலை, கடைசியில் பரீட்சை. எத்தனையோ வீட்டுக்கு நான் வயர் இழுத்தேன், பத்திரத்தில் கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. அந்தக் காலம் எனக்கு மிகவும் கனத்தது. உனக்கு அது எதுவும் இல்லை. நீ எங்கே படித்தாய், எத்தனை வருஷம் வேலை செய்தாய் என்று புதிதாகக் கிளறமாட்டார்கள். விக்டோரியா உன்னை ஏற்றிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேட்பது இவ்வளவுதான்: உன் லைசென்ஸின் பிரதி, எந்தெந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது என்ற விபரம், உன்மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லை என்ற வாக்குமூலம், மற்ற மாநிலத்திடம் விசாரிக்க உன் சம்மதம். இவை சரியென்று சத்தியக் கடதாசி ஒன்று கொடுக்க வேண்டும். எல்லாம் முழுமையாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதுவரை உன்னைப் பதிவு பெற்றவளாகவே கருதவும் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் விண்ணப்பம் கிடைத்ததற்கான கடிதத்தை உன் முதலாளியிடம் காட்டி, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கு. விபரத்தில் ஏதும் பிழை இருந்தால் ஆறு மாதம் வரை முடிவைத் தள்ளிவைக்கலாம். அதனால் பெயர், திகதி, இலக்கம் எல்லாவற்றையும் வடிவாகப் பார். பாஸ்போர்ட்டில் உன் பெயர் எழுதியிருக்கிற விதமும் லைசென்ஸில் இருக்கிற விதமும் ஒன்றா என்று முதலில் பார். எங்கள் ஆட்களுக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் குழப்பத்தில்தான் அரைவாசிக் கடதாசி திரும்பி வருகிறது.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். இதற்காகத்தான் எழுதவே தொடங்கினேன்.

விக்டோரியாவில் மெயின் சுவிட்ச்போர்ட், மெயின் எர்த், சோலார் மாதிரி வேலைகள் முடிந்தால் லைசென்ஸ் உள்ள இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். நீ தொழில் பழகியதே அந்த ஒழுங்கில்தான். உனக்குப் பிறகு இன்னொரு சோடிக் கண் பார்க்கும் என்ற நம்பிக்கை, உனக்குத் தெரியாமலே உன் கைக்குள் இருக்கும். நியூ சவுத் வேல்ஸில் அப்படி ஒவ்வொரு வேலைக்கும் தனி இன்ஸ்பெக்டர் வருவதில்லை. சோதித்து, வேலை விதிப்படி முடிந்தது என்று உறுதிசெய்யும் சிசிஇடபிள்யூ என்ற பத்திரத்தை நிரப்பி, ஏழு நாளுக்குள் வீட்டுக்காரருக்கும் அரசுக்கும், தேவையான வேலையானால் மின் விநியோக நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் சிலதைத் தெரிந்தெடுத்துப் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் சோதித்தவரின் கையெழுத்தோடு முடிந்துவிடும். உன் கையெழுத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளைதான் சுவிட்சைத் தொடும். எர்த் தொடர்ச்சி, இன்சுலேஷன், போலாரிட்டி, ஆர்சிடி எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி ஆனாலும் பார். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால், சோதிக்காத வேலைக்கு ஒப்பமிடமாட்டேன் என்று மரியாதையாகச் சொல். அதனால் வேலை போனால் போகட்டும், நானும் அம்மாவும் இருக்கிறோம்.

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் லைன் அங்கே லெவல் 2 அங்கீகாரம் உள்ளவர்களின் வேலை. யார் என்ன சொன்னாலும் அதைத் தொடாதே. தனியாகக் காசு வாங்கிச் சின்ன வேலை செய்து கொடுப்பதும் வேண்டாம். அதற்குக் கொன்ட்ராக்டர் லைசென்ஸ் வேறு. கோயிலில் சந்திக்கிறவர்கள் "தங்கச்சி, ஒரு லைட்தானே" என்று கேட்பார்கள், அவர்களுக்கும் இதையே சொல். ஒரு மாநிலத்தில் ஒழுங்கு நடவடிக்கையால் லைசென்ஸ் பறிபோனால், அந்தப் பரஸ்பர அங்கீகாரச் சட்டமே மற்ற மாநிலத்து லைசென்ஸையும் பிடித்துக்கொள்ளும்.

உன் அப்ரண்டிஸ் சான்றிதழும் பரீட்சை முடிவுகளும் இங்கே என் அலமாரியில் இருக்கின்றன. அங்கே கேட்கமாட்டார்கள் என்றாலும் கையில் இருப்பது நல்லது, இன்றிரவு ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன். சத்தியக் கடதாசிக்குச் சாட்சி வைக்க உன் பக்கத்து நூலகத்தில் ஜேபி, அதாவது சமாதான நீதவான், யாரும் இருப்பார்களா என்று விசாரி, அவர்கள் காசு வாங்கமாட்டார்கள். இந்தச் சனிக்கிழமை அதை முடித்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அப்பா